மலைகள் கேட்கும் மூன்று கேள்விகள்

(சத்துவாச்சாரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலைகளில் நடக்கும் இனச் சண்டைகளையும், உலகம் ஒப்புக்கொள்ளாத நாடுகளையும் பற்றி இன்று பேசப் போகிறேன். அறிவிப்புப் பலகையில் தலைப்பைப் பார்த்த ஒரு பெரியவர் வாசலிலேயே என்னைக் கேட்டார்: "வேலூர்க்காரனுக்கு நாகா மலையில் என்ன ஐயா வேலை?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே உள்ளே போகிறேன்.

நம் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. அங்கே அடங்கியிருப்பவர் யார்? கண்டியின் கடைசி அரசர், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழி வந்தவர். போர்த்துக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், இலங்கையின் கரையோரம் முழுவதையும் பிடித்தார்கள். மலைமேல் இருந்த கண்டியை மட்டும் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 1803-இல் ஆங்கிலேயரும் படையெடுத்துப் போய்த் தோற்றுத் திரும்பினார்கள். 1815-இல், அரசருடைய பிரதானிகளையே தம் பக்கம் இழுத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. உங்கள் மதத்தைக் காப்போம், உங்கள் உரிமைகளைக் காப்போம் என்று அதில் வாக்குக் கொடுத்தார்கள். அரசரை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832-இல் அவர் இங்கேயே கண்மூடினார். கொடுத்த வாக்கு? 1817-இல் மலை கிளர்ந்து எழுந்தது. 1818-இல் கிளர்ச்சியை நசுக்கிவிட்டு, கையெழுத்துப் போட்ட பிரதானிகளின் உரிமைகளையே குறைத்து ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். வாக்கு மூன்று வருஷம் நின்றது, அவ்வளவுதான்.

ஒரு மலை நாட்டின் கடைசி அத்தியாயம் நம் ஊரில் முடிந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மலை நாட்டு அரசியல் நமக்கு அந்நியம் என்று சொல்ல முடியுமா?

இன்னொரு காரணமும் உண்டு. காட்பாடி ஜங்ஷனில் நிற்கிற விவேக் எக்ஸ்பிரஸ், நாகாலாந்தின் திமாப்பூரிலும் நிற்கிறது. கன்னியாகுமரிக்கும் திப்ருகாருக்கும் நடுவே நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் ரயில் அது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் லாட்ஜ்களில் அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் மிசோரமிலிருந்தும் வந்து, மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி, ஸ்டவ் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டு வைத்தியம் பார்க்கும் குடும்பங்கள் எத்தனை! அந்த மலைகள் நம் தெருவுக்கே வந்து நிற்கின்றன. அவர்கள் உடம்பில் என்ன நோய் என்று இந்த ஊர் கேட்கிறது. அவர்கள் ஊரில் என்ன நோய் என்று இதுவரை கேட்டதில்லை. இன்று கேட்போம்.

நண்பர்களே, உலகம் ஒப்புக்கொள்ளாத நாடு என்றால் என்ன? அதற்குக் கொடி இருக்கும். சட்டம் இருக்கும். வரி வாங்கும். படை இருக்கும். பிள்ளைகள் அதற்காகப் பாட்டுப் பாடுவார்கள். ஆனால் ஐக்கிய நாடுகள் சபையில் அதற்கு நாற்காலி இருக்காது. பக்கத்து நாட்டின் வரைபடத்தில் அதன் பெயர் இருக்காது. அப்படி ஒரு நாடு ஏன் முளைக்கிறது? ஏன் பல சமயம் மலைகளில் முளைக்கிறது?

மலையை ஆள்வது கடினம். சமவெளியில் இருக்கும் அரசு மலைக்கு வரி வாங்கப் போகும், படை அனுப்பும், வரைபடத்தில் கோடு போடும். அங்கே இருப்பவர்களை உட்காரவைத்துப் பேசாது. பேசாத இடத்தில் கோபம் வளரும். கோபம் ஒரு நாள் தனக்கென்று ஒரு கொடியைத் தைத்துக்கொள்ளும்.

எந்த மலைச் சண்டையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறேன். முதல் கேள்வி: முடிவு எடுத்தபோது யாரைக் கேட்கவில்லை? இரண்டாவது கேள்வி: அதே மலையில் வேறு யார் வாழ்கிறார்கள்? மூன்றாவது கேள்வி: கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? இந்த மூன்றும்தான் இன்றைய என் பேச்சு.

முதல் கேள்விக்கு நாகா மலைக்குப் போவோம்.

முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் நாகா இளைஞர்களைத் தொழிலாளர் பட்டாளத்தில் சேர்த்துப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அதுவரை தங்கள் கிராமமே உலகம் என்று இருந்தவர்கள், ஒவ்வொரு கிராமமும் ஒரு குடியரசாகத் தன்னைத்தானே ஆண்டுகொண்டவர்கள், கடல் கடந்து போய் ஐரோப்பியர் ஒருவரை ஒருவர் கொன்று குவிப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது தாங்கள் எல்லோரும் ஒரே மக்கள் என்ற எண்ணம் வளர்ந்திருந்தது. 1918-இல் நாகா கிளப் தொடங்கியது. 1929 ஜனவரியில் சைமன் கமிஷன் கோஹிமாவுக்கு வந்தபோது அவர்கள் ஒரு மனுக் கொடுத்தார்கள். நீங்கள் போகும்போது எங்களை வேறு யாரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போகாதீர்கள், பழைய காலத்தில் இருந்தபடி எங்களை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பதே அதன் சாரம். இந்தியா முழுவதும் சைமன் கமிஷனுக்குக் கறுப்புக்கொடி காட்டிய காலம் அது. மலையில் அதே கமிஷனிடம் மனு. நமக்கும் அவர்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்பதை அந்த ஒரு காட்சியே சொல்லும்.

1944-இல் ஜப்பானியப் படை கோஹிமாவுக்கே வந்துவிட்டது. துணை ஆணையருடைய பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. நடுவில் அந்த மைதானம் மட்டும். வாரக்கணக்கில் கையெறி குண்டு வீசிக்கொண்டார்கள். ஊர் தரைமட்டமாயிற்று. யாருடைய ஊர்? நாகாக்களின் ஊர். யாருடைய சண்டை? இரண்டு பேரரசுகளின் சண்டை. இன்று அந்த மைதானத்தைச் சுற்றித்தான் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

போர் முடிந்தது. 1946-இல் நாகா தேசிய கவுன்சில் உருவாயிற்று. 1947 ஜூனில் அசாம் ஆளுநர் சர் அக்பர் ஹைதரியும் கவுன்சில் தலைவர்களும் உட்கார்ந்து பேசி ஒன்பது அம்ச உடன்பாடு கண்டார்கள். எட்டு அம்சங்களில் பெரிய சிக்கல் இல்லை. ஒன்பதாவது அம்சம்தான் எழுபது வருஷத்துக்கும் மேலாகத் தொடரும் வழக்கின் வேர். பத்து ஆண்டுகள் கழித்து, இந்த உடன்பாட்டை நீட்டிக்கலாமா, புதிதாக ஒன்று செய்யலாமா என்று நாகா கவுன்சிலைக் கேட்க வேண்டும் என்றது அந்த அம்சம். பத்து ஆண்டுக்குப் பிறகு நாங்கள் விரும்பினால் தனியே போகலாம் என்று நாகா தலைவர்கள் படித்தார்கள். இந்தியாவுக்குள்ளேயே புது ஏற்பாடு செய்யலாம் என்று டெல்லி படித்தது. ஒரே தாள், இரண்டு வாசிப்பு. அந்தத் தாளைத் திரும்ப மேஜையில் வைத்து நிதானமாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. 1947 ஆகஸ்ட் 14-ஆம் தேதி, இந்திய விடுதலைக்கு ஒரு நாள் முன்பு, நாகா தேசிய கவுன்சில் சுதந்திரப் பிரகடனம் செய்தது. உலகத்தில் ஒருவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

1951-இல் கோனோமா கிராமத்து ஃபிசோவின் தலைமையில் அவர்களே மலை முழுக்கப் பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். 1952-இல் முதல் பொதுத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 1953 மார்ச் மாதம் பிரதமர் நேரு, பர்மியப் பிரதமர் ஊ நூவை அழைத்துக்கொண்டு கோஹிமாவுக்கு வந்தார். அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாகாக்கள் தங்கள் உடையில், தொலைவிலிருந்த கிராமங்களிலிருந்து நடந்து வந்து மைதானத்தில் கூடியிருக்கிறார்கள். கையில் ஒரு மனு. நேருவிடம் அதைக் கொடுக்க வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும். மாவட்ட அதிகாரி மறுத்துவிட்டார். பிரதமர் பேசுவார், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள், மனு கினு எல்லாம் கூடாது என்றார்கள். இரண்டு பிரதமர்களும் மேடை ஏறும்போது கூட்டம் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. பேச வந்தவர்களுக்கு முன்னால் மைதானம் காலியாயிற்று.

ஒரு மனுவை வாங்கி வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஐந்து நிமிஷம் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்ததற்கு இந்த நாடு கொடுத்த விலை எத்தனை ஆண்டுகள், எத்தனை உயிர்கள்!

1956 மார்ச் 22-ஆம் தேதி நாகாலாந்து கூட்டாட்சி அரசு என்று ஒன்றை அறிவித்தார்கள். நீலக் கொடியில் வானவில்லும் நட்சத்திரமும். அந்த ஆண்டே ராணுவம் மலைக்கு வந்தது. 1958-இல் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. சட்டத்தை மீறுகிறார் என்று அதிகாரி கருதினால், எச்சரித்துவிட்டுச் சுடலாம். சுட்டவர் மேல் வழக்குத் தொடர வேண்டுமானால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அவசரத்துக்கு வந்த சட்டம் மூன்று தலைமுறையாக அங்கே குடியிருக்கிறது.

உண்மையைப் பேசும்போது ஒரு பக்கத்தை மட்டும் பேசக் கூடாது. நாகா இயக்கத்தின் துப்பாக்கி நாகாக்களையும் சுட்டது. வன்முறை வேண்டாம் என்று சொன்ன, ஃபிசோவுக்கு மிக நெருங்கிய தோழராக இருந்த சாக்ரி, 1956 ஜனவரியில் கடத்திக் கொல்லப்பட்டார். இந்தியாவுக்குள் தனி மாநிலம் போதும் என்று 1960-இல் 16 அம்ச உடன்பாடு கண்டவர்களின் தலைவர் டாக்டர் இம்கோங்லிபா ஆவ், 1961-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கேட்ட மாநிலம் 1963 டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்தது. பார்க்க அவர் இல்லை. 1964-இல் ஜெயப்பிரகாஷ் நாராயணும் பாதிரியார் மைக்கேல் ஸ்காட்டும் அசாம் முதல்வர் சாலிஹாவும் சேர்ந்து போர்நிறுத்தம் கொண்டுவந்தார்கள். அது நிலைக்கவில்லை. 1975-இல் ஷில்லாங் உடன்பாடு. அதை ஏற்காதவர்கள் 1980-இல் தனி இயக்கம் கண்டார்கள். 1988-இல் அதுவும் உடைந்தது. அண்ணன் தம்பிகளே ஒருவரை ஒருவர் வேட்டையாடினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த நாகா அன்னையர், இனி ரத்தம் சிந்த வேண்டாம் என்று இரு தரப்பு முகாம்களுக்கும் நடந்து போய்க் கேட்டார்கள். 1997-இல் மறுபடி போர்நிறுத்தம். 2015 ஆகஸ்ட் 3-ஆம் தேதி டெல்லியில் கட்டமைப்பு உடன்பாடு. தனிக்கொடி, தனிச் சாசனம் என்ற கேள்வியில் வந்து அது நின்றுவிட்டது.

போர்நிறுத்தக் காலத்திலாவது மலை நிம்மதியாக இருந்ததா? 2021 டிசம்பர் 4-ஆம் தேதி, மோன் மாவட்டத்தில் ஓட்டிங் என்ற ஊர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பிக்கப் வண்டியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள் சில தொழிலாளிகள். தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தின் சிறப்புப் படை சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். பிள்ளைகளைத் தேடி வந்த ஊராருக்கும் படைக்கும் மோதல் மூண்டது. மேலும் உயிர்கள் போயின. சுட்டவர்கள் மேல் வழக்குத் தொடர மாநிலக் காவல் துறை அனுமதி கேட்டது. மத்திய அரசு மறுத்துவிட்டது. வேலை முடித்து பிக்கப் வண்டியில் வீடு திரும்புவது என்றால் என்ன என்று இந்த அவையில் இருக்கும் தொழிலாளித் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆறு பேரும் உங்களைப் போன்றவர்கள்தான்.

முதல் கேள்வி முடிந்தது. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதே மலையில் வேறு யார் வாழ்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்க மறுப்பதில் அரசுக்கும் போராளிக்கும் வித்தியாசமே இல்லை. நாகா இயக்கம் கேட்கும் பெருநாகா நாட்டின் வரைபடத்தில் மணிப்பூரின் மலை மாவட்டங்களும் இருக்கின்றன. இயக்கத் தலைவர் முய்வா பிறந்த ஊரே மணிப்பூரின் உக்ருல் பக்கம்தான். 2010-இல் அவர் சொந்த ஊருக்குப் போகப் புறப்பட்டபோது மணிப்பூர் அரசு தடுத்தது. மாவோ எல்லையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு, 2001 ஜூனில், நாகா போர்நிறுத்தத்தை நாகாலாந்துக்கு வெளியேயும் நீட்டிக்கிறோம் என்று டெல்லி அறிவித்ததும், எங்கள் மாநிலத்தைத் துண்டாடப் போகிறார்கள் என்று மணிப்பூர்த் தலைநகர் இம்பால் கொந்தளித்தது. சட்டமன்றக் கட்டடமே எரிந்தது. ஜூன் 18-ஆம் தேதி 18 பேர் இறந்தார்கள். நாகாவுக்கு அது பூர்வீக மலை. பள்ளத்தாக்கில் வாழும் மெய்தேயிக்கு அது பழைய ராஜ்யத்தின் பகுதி. மலையில் வாழும் குக்கிக்கு அது பாட்டன் பூட்டன் உழுத நிலம். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேரும் அங்கேதான் வாழ்கிறார்கள்.

நான்காவதாக இன்னொருவரும் அங்கே வாழ்கிறார். யார் தெரியுமா? தமிழர்!

ஆமாம் நண்பர்களே. மணிப்பூரில், பர்மா எல்லையை ஒட்டி, மோரே என்று ஒரு சிறிய ஊர். அங்கே அங்காள பரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோயில் இருக்கிறது. தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கடைத்தெருவில் இட்லி கிடைக்கிறது. எப்படிப் போனார்கள்? 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் ஒரு பெட்டியோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். முகாம் வாழ்க்கை பிடிக்காத சிலர், பிறந்த மண்ணுக்கே போய்விடலாம் என்று, மணிப்பூர் வழியாகத் தரைமார்க்கமாகத் திரும்பிப் போனார்கள். எல்லையில் பர்மா ராணுவம் தடுத்து நிறுத்தியது. முன்னால் போக வழியில்லை, பின்னால் வர மனமில்லை. நின்ற இடத்திலேயே குடிசை போட்டார்கள். அதுதான் மோரே தமிழர் கதை.

2023 மே 3-ஆம் தேதி மணிப்பூரில் மெய்தேயிக்கும் குக்கி-ஸோ மக்களுக்கும் இடையே மூண்ட நெருப்பு மோரேயையும் எரித்தது. தமிழர் வீடுகளும் எரிந்தன. சண்டை யாருக்கும் யாருக்கும்? எரிந்தது யார் வீடு? மணிப்பூரின் பள்ளத்தாக்கு, பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பாதிக்கு மேற்பட்ட மக்கள் அங்கேதான். சட்டமன்றத்தின் 60 இடங்களில் 40 பள்ளத்தாக்கில். நிலம் மலையிலும் அதிகாரம் பள்ளத்தாக்கிலும் இருக்கிறது. மலையில் எங்களுக்கு நிலம் வாங்க உரிமை இல்லையே என்கிறார் மெய்தேயி. எங்களுக்கு மிச்சம் இருப்பதே நிலம்தானே, அதையும் கேட்கிறீர்களே என்கிறார் மலைவாசி. இரண்டு அச்சமும் உண்மையான அச்சம். உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய அச்சம். பேச்சு நடக்காததால் 250-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சுமார் 60,000 பேர் வீடு இழந்தார்கள். இம்பாலில் குக்கி இல்லை, சுராசாந்த்பூரில் மெய்தேயி இல்லை. நடுவில் இரு தரப்பையும் பிரித்து வைக்கும் காவல் வளையம். ஒரு மாநிலத்துக்குள்ளேயே எல்லைக்கோடு முளைத்துவிட்டது.

இந்தக் கேள்வியைக் கடைசிவரை கேட்காமலே விட்டால் என்ன ஆகும்? அதற்கு உலகம் ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. காக்கசஸ் மலையில் நாகோர்னோ கராபாக். அதற்கும் நமக்கும் கூட ஒரு தொடர்பு உண்டு. சென்னைப் பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவும் ஆர்மீனியத் தேவாலயமும் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே வணிகம் செய்த ஷாஹமீர் ஷாஹமீரியன் என்ற ஆர்மீனியர், வரைபடத்தில் இல்லாத தன் தாய்நாட்டுக்கு ஓர் அரசியல் சாசனம் எழுதி, சென்னையிலேயே அச்சுப் போட்டார். நாடு இல்லை, சாசனம் தயார். அவ்வளவு ஏக்கம்!

அந்த ஏக்கம் கராபாக்கில் எப்படி முடிந்தது? ஆர்மீனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த மலையை 1921-இல் சோவியத் தலைவர்கள் அஜர்பைஜானுக்குள் வைத்தார்கள். 1988-இல் கிளர்ச்சி. 1991-இல் தனி நாடு என்று பொது வாக்கெடுப்பு. 1994 வரை போர். ஏறத்தாழ 30,000 பேர் இறந்தார்கள். வென்ற ஆர்மீனியர்கள் சுற்றியிருந்த அஜர்பைஜான் மாவட்டங்களையும் பிடித்தார்கள். லட்சக்கணக்கான அஜர்பைஜானியர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அக்தாம் என்ற நகரமே இடிபாடாயிற்று. அந்த நாட்டை ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடு எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆர்மீனியாவே முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. கால் நூற்றாண்டு அப்படியே ஓடிற்று. 2020-இல் 44 நாள் போரில் அஜர்பைஜான் பெரும்பகுதியை மீட்டது. 2022 டிசம்பரிலிருந்து மலைக்குப் போகும் ஒரே சாலையான லாச்சின் பாதை அடைபட்டது. ரொட்டிக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. 2023 செப்டம்பர் 19-ஆம் தேதி இறுதித் தாக்குதல். அடுத்த சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் ஊரைக் காலி செய்தார்கள். 2024 ஜனவரி 1-ஆம் தேதியோடு அந்தக் குடியரசு கலைந்தது.

வென்றபோது இவர் அவரை விரட்டினார். வென்றபோது அவர் இவர் ஊரை வெறுமையாக்கினார். மலை அங்கேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனை ஒழித்துக் கட்டிய நாடு, கொடி பறந்தாலும் நாடாகாது.

மூன்றாவது கேள்வி. இருட்டை மட்டுமே காட்டிவிட்டுப் போகிறவன் நான் இல்லை. கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல்லக்கூடிய ஒரு மலையும் நம் நாட்டில் உண்டு. அது மிசோரம்.

மிசோ மலையில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை மூங்கில் மொத்தமாகப் பூக்கும். பூத்த மூங்கிலின் விதையைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் எலிக்கூட்டம் வயலில் இறங்கும். ஒரே இரவில் விளைச்சல் காணாமல் போகும். பஞ்சம் வரும். மௌதாம் என்பார்கள். 1959-இல் அது வந்தது. வரப்போகிறது என்று மிசோ பெரியவர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அப்போது அந்த மலை அசாம் மாநிலத்தில் இருந்தது. காட்டுவாசிகளின் மூடநம்பிக்கை என்று மேலே இருந்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். மக்கள் பசியில் வாடினார்கள். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த லால்டெங்கா, பஞ்ச நிவாரணத்துக்கு ஒரு முன்னணி கண்டார். இளைஞர்கள் அரிசி மூட்டையை முதுகில் சுமந்து கிராமம் கிராமமாகப் போனார்கள். அசாம் ஆட்சிமொழிச் சட்டம் வேறு வந்து சேர்ந்தது. மொழித் திணிப்பு என்ன செய்யும் என்று தமிழனுக்கு விளக்க வேண்டுமா? 1961-இல் பஞ்ச முன்னணி அரசியல் முன்னணியாயிற்று. 1966 மார்ச் 1-ஆம் தேதி தனி நாடு என்று அறிவித்தது. சில நாட்களுக்குள் இந்திய விமானப்படை ஐஸாலின் மேல் குண்டு வீசியது. சொந்த நாட்டு ஊரின் மேல், சொந்த விமானம்! பிறகு பெரும்பாலான கிராமங்களைக் காலி செய்து, மக்களைச் சாலையோர முகாம்களில் அடைத்தார்கள். விட்டுவந்த வீட்டையும் தானியத்தையும் கண்ணெதிரே கொளுத்தினார்கள். இருபது வருஷம் இப்படி.

பிறகு என்ன நடந்தது? பேசினார்கள். 1986 ஜூன் 30-ஆம் தேதி ஒப்பந்தம். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அப்போது மிசோரம் முதலமைச்சர் காங்கிரஸின் லால் தன்ஹவ்லா. சமாதானத்துக்காக அவர் முதல்வர் நாற்காலியை விட்டு இறங்கித் துணை முதல்வரானார். காட்டிலும் அயல்நாட்டிலும் இருபது வருஷம் கழித்த லால்டெங்கா முதல்வரானார். நாற்காலிக்காகக் கட்சியை உடைக்கிற நாட்டில், சமாதானத்துக்காக நாற்காலியை விட்ட மனிதர்! போராளிகள் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். 1987 பிப்ரவரி 20-ஆம் தேதி மிசோரம் தனி மாநிலமாயிற்று. நிலத்துக்கும் வழக்கத்துக்கும் அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்புக் கிடைத்தது. அடுத்த தேர்தலில் லால்டெங்கா தோற்றார். தோற்றவர் துப்பாக்கியைத் தேடி ஓடவில்லை, அவருடைய கட்சி எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. 2023-இல் மணிப்பூரிலிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது அதே மிசோரம்தான்.

அங்கேயும் இரண்டாவது கேள்வி ஒருமுறை தவறிப்போயிற்று. 1997-இல் புரூ என்ற சிறுபான்மைப் பழங்குடியினர் ஆயிரக்கணக்கில் திரிபுராவுக்கு ஓட நேர்ந்தது. 2020 வரை முகாமில் காத்திருந்தார்கள். சமாதானம் கண்டவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரனை மறக்கும் நோய் வரும். அதனால்தான் சொல்கிறேன், மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஏன் மிசோ ஒப்பந்தம் நின்றது, ஏன் நாகா உடன்பாடுகள் நிற்கவில்லை? நம் ஊர்த் தொழிலை வைத்தே சொல்கிறேன். பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு வைத்தால் கொஞ்ச நாள் கெடாமல் இருக்கும். ஆனால் உப்புப் போட்டது தோல் பதனிட்டது ஆகுமா? ஊறப்போட வேண்டும், சுண்ணாம்பில் போட வேண்டும், சதை எடுக்க வேண்டும், தொட்டியில் தோல் பதமாக வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் மண்டியிலேயே விட்டால் நாறும். கையெழுத்தும் போர்நிறுத்தமும் உப்புப் போடுவது மட்டும்தான். அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலையை மிசோரத்தில் செய்தார்கள். நாகா மலையில் உப்பின் மேல் உப்பாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்பர்களே, நாடுகளைப் பற்றியே பேசினோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே கண்டி மலைக்கு, அரசர் போன பிறகு, காப்பிக்கும் தேயிலைக்கும் கூலியாகப் போனவர்கள் நம் மக்கள். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருவரையாவது உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. உலகம் ஒப்புக்கொள்ளாத நாடுகளைப் பற்றிப் புத்தகங்கள் வருகின்றன. உலகம் ஒப்புக்கொள்ளாத மக்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? நாகாவும் குக்கியும் மெய்தேயியும் ஆர்மீனியரும் அஜர்பைஜானியரும் மலையகத் தமிழரும் கேட்டதன் அடிப்படை ஒன்றுதான்: நாங்களும் இருக்கிறோம் என்று ஒப்புக்கொள்ளுங்கள், எங்களையும் கேளுங்கள், கேட்டுச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். உரிய நேரத்தில் இதைச் செய்த இடத்தில் தனிக்கொடிக்குத் தேவையே வரவில்லை.

நாட்டின் ஒற்றுமை என்று பேசுகிறவர்களுக்கு நான் பணிவாக ஒன்று சொல்வேன். ஒற்றுமையில் எனக்கும் பற்று உண்டு. அந்தப் பற்றினால்தான் சொல்கிறேன்: சுட்டவனை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாத சட்டத்தால் எந்த மலையையும் நம்மோடு சேர்த்துவைக்க முடியாது. மிசோரம் இன்று இந்தியாவோடு நிற்பது 1966-இல் போட்ட குண்டினாலா, 1986-இல் போட்ட கையெழுத்தினாலா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்? கோரிக்கைகளை உரக்கச் சொல்வோம். ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் போக வேண்டும். ஓட்டிங் குடும்பங்களுக்கு வழக்குமன்றத்தின் கதவு திறக்க வேண்டும். மணிப்பூரில் முகாமில் இருப்பவர்கள் அவரவர் வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்ப வேண்டும். பேச்சுவார்த்தை மேஜையில் துப்பாக்கி வைத்திருப்பவர் மட்டும் உட்காரக் கூடாது. தாய்மார்களும் கிராம சபைகளும் சிறுபான்மையினரும் உட்கார வேண்டும். மோரே தமிழருக்கும் அங்கே ஒரு நாற்காலி வேண்டும்.

டெல்லி செய்ய வேண்டியதைக் கேட்டாயிற்று. வேலூர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. சத்துவாச்சாரியில் வீடு கேட்டு வரும் வடகிழக்குப் பிள்ளைகளிடம் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தாதீர்கள். சீனாக்காரன், நேபாளி என்று பெயர் வைக்காதீர்கள். மாணவர்களே, உங்கள் வகுப்பில் மணிப்பூரிலிருந்து ஒருவர் இருந்தால், எந்தப் பக்கம் நீ என்று கேட்காதீர்கள். உன் வீடு இருக்கிறதா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேளுங்கள். ஆசிரியர்களே, கோஹிமாவும் ஐஸாலும் வரைபடத்தில் எங்கே என்று காட்டுவதோடு நிறுத்தாமல், அங்கே 1953-இல் என்ன நடந்தது, 1986-இல் என்ன நடந்தது என்றும் சொல்லிக்கொடுங்கள். நாளைக் காலைப் பத்திரிகையில் ஏதோ ஒரு மலையில் துப்பாக்கிச் சத்தம் என்று படித்தால், யார் பக்கம் நியாயம் என்று அவசரப்படாமல் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். யாரைக் கேட்கவில்லை? வேறு யார் வாழ்கிறார்கள்? வாக்கு என்ன ஆயிற்று? டீக்கடையில் கேளுங்கள், வகுப்பில் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.